ஒன்பது டிவியும் திருப்பூர்க் கண்ணும்

பல டிவிகளை ஒட்டி வைத்து, அது ஒரே டிவிதான் என்று பார்ப்பவர்களை நம்ப வைப்பதே எங்கள் தொழில். சுலபமாக நம்புகிற ஊராகப் பார்த்துக் கடை போட்டிருக்கலாம்; நான் திருப்பூரில் போட்டேன்.

வீடியோ வால் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகைக்கடைச் சுவர் நிறைய ஒரு பெண் திரும்பித் திரும்பி நெக்லஸைக் காட்டிக்கொண்டிருப்பாளே, அதுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் நான்கோ ஒன்பதோ டிவிகள் தோளோடு தோள் உரசி நிற்கும். நாங்கள் பேனல் என்போம். இரும்புச் சட்டம் அடித்து, பேனல்களை இடைவெளி தெரியாமல் மாட்ட வேண்டும். ஒரே படத்தைத் துண்டு போட்டு ஒவ்வொன்றுக்கும் அதனதன் துண்டை அனுப்ப வேண்டும். எல்லாவற்றின் நிறத்தையும் ஒன்றாக்க வேண்டும். சொன்னால் மூன்று வேலை. செய்தால் முதுகு, கழுத்து, கண் என்று மூன்று வலி. சிசிடிவி மாட்டுகிறவர்கள், ஏசி மாட்டுகிறவர்கள், ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பைக்கின் பின்சீட்டில் போகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

ஆனால் இது புலம்பல் இல்லை. என்னைப் படாத பாடு படுத்தியவர்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அவர்கள் மேல் மரியாதைதான் கூடுகிறது, நான் என்ன செய்ய?

நானும் என் கூட்டாளி முத்துராஜும் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து, கரண்ட் வேலைக்குத் தாவி, கடைசியில் இதில் வந்து நின்றோம். எனக்குக் கம்ப்யூட்டர் பக்கம், அவனுக்கு இரும்புப் பக்கம். சண்டை இரண்டு பக்கமும்.

விரல் நுனி

அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடையில் நான்கு பேனல் மாட்டினோம். வாசலில் நுழைந்ததும் பித்தளைக் குடம் ஆள் உயரத்துக்குச் சுற்ற வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மாட்டி முடித்து, குடத்தைச் சுற்ற விட்டு, 'எப்படி?' என்கிற முகத்தோடு நின்றோம். அவர் குடத்தைப் பார்க்கவே இல்லை. படத்தை அணைக்கச் சொன்னார். பக்கவாட்டில் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பாத்திரத்தில் நசுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். வெளிச்சம் எங்கே உடைகிறது என்று தேடுவார்கள். பிறகு பேனல்கள் சேருகிற இடத்தில் விரல் நுனியை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க ஒரு மேடு இருக்குதுங்க" என்றார்.

இருக்காது என்றான் முத்துராஜ். மட்டப்பலகையை வைத்துப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தான், லேசாகத் தட்டியது. ஒரு பேனல் மற்றதைவிட முடி அளவு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. முகம் தொங்கிப்போய் ஸ்பேனரை எடுத்தான். முதலாளி அவன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"பாத்திரமா இருந்தா நாங்களே ஒரு தட்டுத் தட்டி எடுத்துருவோமுங்க. இதைத் தட்டுனா நீங்க அழுவீங்க. அதனால நீங்களே எடுத்துருங்க."

தொட்டுப் பார்த்த அக்கா

சாந்தாமணி அக்காவை முதலில் பார்த்தது அந்தக் கடையில்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தவர், பாத்திரத்தை விட்டுவிட்டு எங்கள் சுவரிடம் வந்து நின்றார். பேனலின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். துணியின் பதம் பார்க்கிற பழக்கம். எதைப் பார்த்தாலும் விரல் தானாகப் போய்விடும். "இது யாரு பண்ணுனதுங்க?" என்று கேட்டார். என் மனசு குளிர்ந்தது. பாராட்டுவதற்காகக் கேட்கவில்லை, நல்லூருக்கு வரச் சொல்வதற்காகக் கேட்டார்.

நல்லூரில் அவருக்குச் சின்னதாக ஒரு தையல் கம்பெனி. குழந்தைகளுக்கான டி-ஷர்ட்கள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்பா ஆரம்பித்தது, இப்போது நடத்துவது இவர். கட்டடத்தில் பாதி அண்ணன் துரைசாமிக்குச் சொந்தம். அவர் உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பும் தானுமாக இருக்கிறார். ஆர்டர் குறைந்துகொண்டே வந்ததில், கட்டடத்தைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அண்ணன் ஆளையும் பேசி வைத்துவிட்டார். கடைசியாக இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து, துணி வாங்குகிற பையர் அம்மா ஒருவர் நேரில் வரப்போகிறார். அவர் ஆர்டர் கொடுத்தால் கம்பெனி ஓடும். கொடுக்காவிட்டால் தையல் மெஷின்களை விற்றுவிட்டுச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டியது.

அந்தப் பையர் அம்மாவுக்குப் பெட்டி பெட்டியாகச் சாம்பிள் பிரித்துப் பார்க்கப் பிடிக்காதாம். முதலில் எல்லா டிசைனையும் ஆள் அளவுக்குப் படத்தில் பார்த்துக் கழித்துவிட்டு, பிடித்ததை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்பாராம். அதற்காகத்தான் சாம்பிள் ரூமில் ஒன்பது பேனலில் ஒரு சுவர் வேண்டும் என்றார் அக்கா. எங்களுக்கு அதுவரை கிடைத்ததில் பெரிய வேலை அது. நான் குஷியில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, படம் கெட்டுதுன்னா என்ற நல்ல துணியும் கெட்ட துணியாத்தானுங்க தெரியும். அந்தம்மா ஒருக்காத்தான் வருவாங்க. எனக்கு இன்னொருக்கா கெடையாதுங்க, பாத்துக்குங்க."

சிவப்பு அம்பு

பேனல்கள் வந்து இறங்கின. அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒன்பதையும் சாம்பிள் ரூமில் நுரைப் பலகை மேல் வரிசையாக நிறுத்திவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் பேனல்களின் மேல் அங்கங்கே குட்டிக் குட்டியாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். முத்துராஜுக்குக் கண் சிவந்துவிட்டது. யார் பிள்ளையோ உள்ளே வந்து விளையாடிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

பிள்ளை இல்லை, செக்கிங் செக்ஷன். பனியன் கம்பெனியில் தைத்து முடித்த ஒவ்வொரு பீஸையும் மேஜையில் விரித்துப் பார்ப்பார்கள். எண்ணெய்க் கறை, ஓட்டை, தையல் விட்டது, எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே வருகிற எதுவும் செக்கிங் ஆகாமல் வெளியே போகக் கூடாது என்பது அங்கே சட்டம். செக்கிங் சூப்பர்வைசர் ராசாத்தி அக்கா, சாப்பாட்டு நேரத்தில் தன் ஆட்களோடு வந்து எங்கள் பேனல்களையும் செக்கிங் செய்துவிட்டார்.

ஸ்டிக்கரைப் பிய்க்கப் போன நான், பிய்ப்பதற்கு முன் ஒரு அம்பு காட்டிய இடத்தை உற்றுப் பார்த்தேன். என் கட்டைவிரல் ரேகை. இன்னொன்றில் ஓரத்தில் ஒட்டியிருந்த தெர்மகோல் தூள். இன்னொன்றில் பெயருக்கு ஒரு கீறல். கீழ் மூலையில் ஒட்டியிருந்த அம்பைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது: கண்ணாடி மூலையில் அரிசி முனை அளவு சில்லு பெயர்ந்திருந்தது. அதை அப்படியே நடுவில் மாட்டியிருந்தால், பிறகு அதைக் கழற்ற அக்கம்பக்கத்துப் பேனலையும் கழற்ற வேண்டும். மாட்டிய பிறகு உடைந்தது என்று சப்ளையரும் கையை விரித்திருப்பார். மாட்டாததால் மாற்றிக் கொடுத்தார். ராசாத்தி அக்காவிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னேன். அவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. எங்களுக்கு ரிப்போர்ட் கொடுப்பதில்தான் குறியாக இருந்தார்.

"அஞ்சு பீஸு பாஸுங்க. மூணு பீஸு ஆல்ட்ரேஷனுங்க. ஒண்ணு மட்டும் ரிஜெக்ட்டுங்க."

பக்கத்துச் சுவர்

சட்டத்தைச் சுவரில் அடிப்பதற்காக ஓட்டை போட அளவெல்லாம் குறித்தாயிற்று. முத்துராஜ் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். "ஏ மாப்ள, இந்தச் சுவரு சும்மா இருக்க மாட்டங்கு. இங்ஙன வந்து கைய வச்சுப் பாரேன்" என்றான். வைத்தேன். கை கிர்ரென்றது. பக்கத்தில் நூலைத் துணியாகப் பின்னுகிற ஒரு நிட்டிங் யூனிட், சுவருக்கு அந்தப் பக்கமே வட்ட மெஷின்கள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. இந்தச் சுவரில் பேனலை மாட்டினால் நாளடைவில் ஸ்க்ரூ எல்லாம் இளகி, நாங்கள் பாடுபட்டுச் சேர்த்த கோடுகள் ஒவ்வொன்றாக விலகும். படமும் நடுங்கும்.

போட்ட திட்டத்தைக் கிழித்துவிட்டு, சுவரைத் தொடாமல் தரையில் ரப்பர் போட்டு நிற்கும் சட்டமாக முத்துராஜ் புதிதாக அடித்தான். வெல்டிங் வெளிச்சத்தில் அவனுக்குக் கண் வீங்கிவிட்டது. வேலையில் அவன் காட்டுகிற பிடிவாதத்தைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வரும், பெருமையாகவும் இருக்கும். அன்று பெருமையாக இருந்தது.

இதற்கு நடுவில் விஷயம் காதில் விழுந்து பக்கத்து நிட்டிங்காரரே வந்துவிட்டார். பையர் வருகிற நேரத்தைச் சொன்னால் அந்த நேரத்துக்கு மட்டும் எல்லா மெஷினையும் நிறுத்தி வைக்கிறேன் என்றார். ஓடுகிற மெஷினை அடுத்தவருக்காக நிறுத்துகிற மனசு யாருக்கு வரும்? எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அதை அவரிடமே சொல்லியும்விட்டேன். அவர் சங்கடமாக நெளிந்தார்.

"நீங்க பெரிய வார்த்தையெல்லாம் சொல்லாதீங்க. சாந்தாமணியம்மாவுக்குத் துணி ஓட்டிக் குடுக்கறதே நான்தானுங்க. அவுங்க கம்பெனிய மூடுனா, என்ற மெஷினு தானா நின்னு போயிருமுங்க."

அண்ணன் வந்தார்

பேனல்கள் ஏறி, படம் ஓட ஆரம்பித்த அன்று துரைசாமி அண்ணன் உடுமலையிலிருந்து வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் எங்களுக்காக ஒரு குலை இளநீர். நல்ல மனிதர். சுவரில் காற்றாலைகள் சுற்றுகிற மாதிரிப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "நம்மூரு மாதிரியே இருக்குதுங்க" என்று ரொம்ப நேரம் ரசித்தார். கடனுக்குப் பாராட்டுகிற ஆள் இல்லை, சட்டத்துக்குப் பின்னால் போய் ஒயர்களை முத்துராஜ் கட்டியிருந்த அழகைக்கூடப் பார்த்துவிட்டு வந்தார்.

தங்கையைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் மாறிவிட்டது. "மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் சீக்கிரமா முடிச்சுத் தர்றோமுன்னு அந்தப் பையர்கிட்டச் சொல்லீட்டாங்க. இவ ஒருத்திதானுங்க எனக்கு நாள் அதிகமா வேணுமுன்னு மெயில் போட்டுட்டு உக்காந்திருக்கறா. அப்புறம் எப்படிங்க ஆர்டரு வரும்?" என்றார். அக்கா அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார். கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்தார். அண்ணன் என் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தி, நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

"ஏனுங்க, குடோன்காரரு கேட்டா சொல்லோணும். இதைக் கழட்டி எடுக்கறதுக்கு எத்தனை நாளாகுமுங்க?"

நடு பேனல் வேற லாட்டு

இனி நிறம். ஒரே கம்பெனியில் ஒரே நாளில் செய்த பேனல்களானாலும் ஒன்று கொஞ்சம் மஞ்சளடிக்கும், ஒன்று கொஞ்சம் நீலமடிக்கும். நிறம் அளக்க ஒரு குட்டிக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு பேனலின் நட்ட நடுவிலும் அதைத் தொங்கவிட்டால், அது பார்த்துச் சொல்கிறபடி கம்ப்யூட்டர் நிறத்தைத் திருத்தும். ஒன்பதையும் அப்படித் திருத்தி முடித்தேன். கருவி, எல்லாம் ஒன்றுதான் என்றது. என் கண்ணுக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

சாந்தாமணி அக்கா ஒரு சாம்பல் நிற டி-ஷர்ட்டின் படத்தைச் சுவர் முழுக்கப் போடச் சொன்னார். அதே டி-ஷர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டார். பார்த்த மாத்திரத்தில், "நடு பேனலு வேற லாட்டுங்க" என்றார். ஒரே சாயத்தொட்டியில் ஒன்றாகப் போட்டு எடுத்த துணி ஒரு லாட்டு. அடுத்த தொட்டியில் எடுத்தது வேறு லாட்டு, நிறம் கடுகளவு மாறும். அந்தக் கடுகைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஊரின் பிழைப்பே. ஒன்பதும் ஒரே லாட்டுதான் என்று நான் ரசீதைக் காட்டினேன், கருவியைக் காட்டினேன். அக்கா ராசாத்தி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். "நடுவுது பச்சையடிக்குதுங்க" என்றார் அவர். கட்டிங் மாஸ்டர் கதவோரமாகப் போனவர், யாரும் கேட்காமலே நின்று, "அந்த நடு பீஸு மட்டும் ஷேடு மாறுதே" என்று சொல்லிவிட்டுப் போனார். வாட்ச்மேன் கூரியர் கொடுக்க வந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் நடுவைத்தான் பார்த்தார்.

மறுபடி அளந்தேன். எல்லாம் சரி என்றது கருவி. அளந்து திருத்திய பிறகும் பச்சையடிக்கிறது என்கிறார்கள், அளக்கிற கருவியோ இல்லை என்கிறது. பையர் வருகிற நாள் பக்கத்தில் வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில்தான் அக்காவிடம் டிசைன்கள் அதிகம். அவர் கோபித்துக்கொண்டாலாவது தேவலாம் போலிருந்தது. "பாருங்க தம்பி, நீங்க பாத்துருவீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, டி-ஷர்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கும் டியூப்லைட் வெளிச்சத்துக்குமாக மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறையாக நடு பேனலில் கருவியைத் தொங்கவிட்டேன். ராசாத்தி அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். கருவி போய் எந்த இடத்தில் உட்காருகிறது என்று பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

விஷயம் இதுதான். புது மெஷின் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் அந்தக் கம்பெனியில் ஓட்ட மாட்டார்கள். நாங்கள் இல்லாத நேரத்தில் அவர் நல்லெண்ணெயில் குழைத்த குங்குமத்தை நடு பேனலின் நட்ட நடுவில் வைத்திருக்கிறார். கண்ணாடியாயிற்றே என்று பயந்து, உடனே துடைத்தும் விட்டார். பார்வைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மெல்லிசாக ஒரு சிவப்புப் படலம் அங்கேயே தங்கிவிட்டது. கருவி அதன் வழியாகப் பார்த்து, இந்தப் பேனலில் சிவப்பு அதிகம் என்று நினைத்து, பேனல் முழுக்கச் சிவப்பைக் குறைத்திருக்கிறது. சிவப்பு குறைந்தால் பச்சையடிக்கத்தானே செய்யும்? அதற்கென்று உள்ள திரவத்தில் துணியை நனைத்துத் துடைத்து, மறுபடி அளந்து திருத்தினேன். அக்கா டி-ஷர்ட்டை எடுத்து வந்து பார்த்து, முதல் முறையாகச் சிரித்தார். ராசாத்தி அக்காவுக்குத்தான் மனசே ஆறவில்லை.

"அஞ்சாறு வருசமா எல்லா மெஷினுக்கும் நான்தானுங்க பொட்டு வெக்கறேன். ஒண்ணுகூட இப்படிக் கலரு மாறுனதில்லீங்க."

ஒரு குட்டைத் தையல்

பையர் அம்மா வந்தார். உயரமானவர், மெல்லிய குரல். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அக்கா பக்கத்தில் நின்றார். துரைசாமி அண்ணன் மூலை நாற்காலியில் போனும் கையுமாக இருந்தார். குடோன்காரர் அன்று பதில் கேட்டிருந்தாராம். நான் கம்ப்யூட்டரில். முத்துராஜ் சட்டத்துக்குப் பின்னால், ஏதாவது ஒயர் பிடிவாதம் பிடித்தால் கையால் பிடித்துக்கொண்டு நிற்கத் தயாராக.

டிசைன்கள் ஒவ்வொன்றாக ஓடின. சாம்பல் நிறங்கள் ஒரே மாதிரி நின்றன. அந்தம்மா தலையை அசைத்துக்கொண்டே வந்தார். அடுத்து வந்தது குறுக்குக் கோடு போட்ட ஒரு டி-ஷர்ட். அதில் நிறுத்தச் சொன்னார். பக்கவாட்டுத் தையலைப் பெரிதாக்கச் சொன்னார். கோடு போட்ட துணி எங்கள் தொழிலுக்கு எமன். ஒரு பேனல் நூலளவு இறங்கியிருந்தால் கோடு அங்கே உடைந்து தெரியும்; உடைந்தது எங்கள் வேலையா அவர்கள் தையலா என்று யாருக்கும் தெரியாது. பெரிதாக்கினேன். முன்துணியின் கோடும் பின்துணியின் கோடும் தையலில் வந்து ஒன்றோடொன்று பொருந்தி, மூன்று பேனல்களையும் தாண்டி ஒரே கோடாக ஓடின. முத்துராஜைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

இன்னும் பெரிதாக என்றார். இப்போது ஒவ்வொரு தையலும் விரல் நீளம். அந்தம்மா எழுந்து சுவரின் பக்கத்தில் போய், கோடு சேருகிற ஒரு இடத்தில் விரலை வைத்தார். வரிசையாகப் போகிற தையல்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் குட்டையாக இருந்தது. டி-ஷர்ட்டில் பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, எங்கள் சுவர் காட்டிக் கொடுத்துவிட்டது. இது ஏன் இப்படி என்று கேட்டார். படத்தை நகர்த்திவிடலாம் என்று என் கை மவுஸுக்குப் போனது. அக்கா என்னைப் பார்த்து, "இருக்கட்டுங்க தம்பி, நகத்தாதீங்க" என்றார்.

பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மரியாதை குறையாமல், நிதானமாகச் சொன்னார். இந்தச் சாம்பிளை நான்தான் தைத்தேன். மெஷினை மிதித்துக்கொண்டே போனால் கீழ்த்துணி முந்தும், மேல்துணி பிந்தும், கோடு கோட்டோடு சேராது. சேர வேண்டிய இடம் வரும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒரு தையல் போடுவேன். அது குட்டையாகத்தான் விழும். கோடு வருகிற இடத்தில் எல்லாம் என் டெய்லர்களும் அப்படித்தான் நிறுத்திப் போடுவார்கள். அதனால்தான் எனக்கு நாள் அதிகம் வேண்டும் என்று எழுதினேன். சீக்கிரம் வேண்டுமென்றால் கால் எடுக்காமல் தைக்க வேண்டியிருக்கும், அதை நான் செய்ய மாட்டேன். இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். கெஞ்சவும் இல்லை, கூட ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை.

அந்தம்மா டி-ஷர்ட்டைக் கையில் வாங்கி உள்பக்கம் திருப்பினார். அந்தத் தையலைத் தேடி நகத்தால் தடவிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார். பிறகு, இதே தையல் எல்லாப் பீஸிலும் எனக்கு வேண்டும், நீங்கள் கேட்ட நாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கோடு போட்டதில் அத்தனை நிறமும், சாம்பலில் நான்கும் அங்கேயே தேர்வாகிவிட்டன. சட்டத்துக்குப் பின்னாலிருந்து முத்துராஜ் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெல்டிங் வெளிச்சம் என்று பிறகு சொல்லிக்கொண்டான்.

துரைசாமி அண்ணனின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு எழுந்தவர், அறைக்கு வெளியே போகவில்லை. தங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"இல்லீங்க, அந்தக் கட்டடம் காலி இல்லீங்க. உள்ள என்ற தங்கச்சி கம்பெனி நடத்தீட்டு இருக்குதுங்க."

ஒன்பது டிவியை ஒரே டிவியாக்கித் தருபவன் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருக்கிறேன். இந்த ஊரில் அதை யார் கையில் கொடுத்தாலும் முதலில் அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.